முப்பது நொடி

விர்பி கெரானென் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கு வந்துவிடுவாள். காரை நிறுத்தி, என்ஜின் உறையாமல் இருக்க மின்கம்பத்தில் ஒயரைச் செருகுவாள். வாசலில் பூட்ஸைக் கழற்றித் தன் பெயர் எழுதிய தட்டில் வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு மாடியேறுவாள். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். இருபத்தேழு வருடமாக இதே கதைதான். ஸ்டாப்வாட்ச் மட்டும் இதுவரை மூன்று முறை மாறியிருக்கிறது.

கணக்கு டீச்சர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். வடக்கே கைனூ என்கிற காட்டுப் பகுதிக்குள் இருக்கிற சின்ன ஊர். இங்கே குழந்தை நடக்கப் பழகிய மறு குளிர்காலமே காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிவிடுவோம். விர்பியின் அப்பா சறுக்கு மன்றத்தின் நேரக் கணக்கர். பந்தயத்தின் முடிவுக்கோட்டில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை நொடியில் வந்தார்கள் என்று நோட்டில் எழுதுவார். அவர் போன பிறகு நாற்காலியும் நோட்டும் மகளிடம் வந்தன. நோட்டுப் போய் டேப்லெட் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நொடி என்றால் அவளுக்கு உயிர். காப்பி இறங்கும் நேரத்தைக்கூட எண்ணுகிற பொம்பளை.

அவளைப் பழம்பஞ்சாங்கம் என்று நினைத்தால் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடித் தாளில் எழுதி எழுதி உள்ளங்கையெல்லாம் நீல மை. பிறகு நோட்டுப் புத்தகத்தையே சுவரில் பெரிதாகக் காட்டும் கேமரா வந்தது. இந்த வட்டாரத்திலேயே முதலில் அதைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். ஸ்மார்ட் போர்டு வந்தபோது மற்ற டீச்சர்கள் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்கி நின்றார்கள். இவள் அதன் முதுகுப்பக்கத்தையே கழற்றிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் வந்தபோது, சக ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நகராட்சி இவள் தலையில் கட்டியது. வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். யாருக்காவது கடவுச்சொல் மறந்துபோனால் இவள் வீட்டுக்குத்தான் போன் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்ததுதான் அந்தச் செயலி. அதற்கு ஏதோ நீட்டமான பெயர் உண்டு. டீச்சர்கள் அதைச் 'சிக்னல்' என்பார்கள். பாடத்தின் நடுவே கணக்கு ஒன்று பிள்ளைகளின் லேப்டாப்பில் வரும். அவர்கள் விடையைத் தட்ட, டீச்சரின் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே விளக்கு எரியும். பச்சை என்றால் பிள்ளை தேறிவிட்டது, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் வண்டி நின்றுவிட்டது. விர்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அத்தனை பேர் மண்டைக்குள்ளும் என்ன ஓடுகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தால் எந்த டீச்சருக்குத்தான் பிடிக்காது? முதல் நாளே அமைப்புப் பக்கத்துக்குப் போனாள். 'பதிலுக்கான நேரம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் முப்பது நொடி என்று நிரப்பினாள். நேரக் கெடு இருந்தால் பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்பது அவள் எண்ணம். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை அவள் எட்டிப்பார்க்கவே இல்லை.

எட்டாம் வகுப்பில் சாய்மி என்று ஒரு பெண். பதினாலு வயது, ஜன்னலோரத்து மூன்றாவது மேசை, எப்போதும் சாம்பல் நிறக் காலுறை. அப்பா யார்க்கோ மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அம்மா ஒலு நகரத்தில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில் வருவாள். யார்க்கோவும் ஒரு காலத்தில் விர்பியிடம் படித்தவன்தான். அவள் வேலைக்கு வந்த முதல் வருடத்து ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காத ஒரு பையன் இருந்தான் என்பதைத் தவிர அவளுக்கு அவனைப் பற்றி வேறொன்றும் ஞாபகம் இல்லை.

அக்டோபரிலிருந்து சாய்மியின் விளக்கு சிவப்பு. நவம்பரிலும் சிவப்பு, டிசம்பரிலும் அதே. வகுப்பில் கை தூக்க மாட்டாள், தொந்தரவும் செய்ய மாட்டாள். விர்பி இரண்டொரு தடவை பக்கத்தில் போய் நின்று, "புரியுதா?" என்று கேட்டாள். சாய்மி தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் பேசாத ஒருவரைப் போட்டுக் குடைவது மரியாதையில்லை. பேசாமல் இருப்பவர் அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். விர்பியும் விட்டுவிட்டாள்.

படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கவனிக்கும் சிறப்பு ஆசிரியை மிர்வா அந்த மூன்று மாதச் சிவப்பைப் பார்த்தாள். தெற்கிலிருந்து வந்தவள், கெட்டிக்காரி, எதையும் கிடப்பில் போடாதவள். ஜனவரியில் ஒரு கூட்டம் போட்டாள். மிர்வா, விர்பி, யார்க்கோ, சாய்மி என்று நாலு பேர். நடுவில் காப்பிக் குடுவையும் ஏலக்காய் பன்னும். சாய்மியைச் சிறு குழு வகுப்புக்கு மாற்றலாம் என்பது மிர்வாவின் யோசனை. அங்கே எட்டுப் பிள்ளைகள்தான், பாடம் நிதானமாகப் போகும். ஆனால் அந்த வகுப்பு வேறு பள்ளியில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. தினமும் நகராட்சி டாக்சியில் போய்வர வேண்டும். மார்ச் சறுக்கு விடுமுறை முடிந்ததும் தொடங்கலாம். எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் இது சரிதானே என்று மிர்வா கேட்டாள்.

யாரும் பேசவில்லை. யார்க்கோ காப்பிக் கோப்பையைப் பார்த்தான். சாய்மி தன் காலுறையைப் பார்த்தாள். விர்பி வெளியே விழும் பனியைப் பார்த்தாள். அவளுக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. இந்தப் பெண்ணின் வீட்டுப்பாட நோட்டு அப்படியொன்றும் மோசமில்லையே என்று தோன்றியது. ஆனால் பெற்றவனே பேசாமல் இருக்கும்போது நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும், அவனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டாள். மிர்வா பொறுமையாக ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதினாள். பன்னைத் தின்று முடித்து எல்லாரும் எழுந்தார்கள்.

பிப்ரவரியில் பள்ளியின் சறுக்கு நாள். அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. விர்பி மடக்கு நாற்காலியைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, மரலாரி ஒன்று ரோட்டோரம் வந்து நின்றது. சாய்மி வீட்டில் மறந்துவிட்டுப்போன சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு யார்க்கோ இறங்கி வந்தான். கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகாமல் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். விர்பியும் நின்றாள். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஆவி மட்டும்தான் வந்தது.

"இன்னும் மூணு வாரம்," என்றான் கடைசியில்.

ஆமாம் என்று விர்பி தலையாட்டினாள். டாக்சி ஏற்பாடு ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்றாம், காலை ஆறரைக்கே வருமாம். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"உனக்கு இதுல இஷ்டம்தானே, யார்க்கோ?"

"எனக்கா? எனக்கு எங்க இஷ்டம்? நீங்க ஒண்ணும் சொல்லலையே, அப்போ நீங்களும் அதைத்தான் விரும்புறீங்கன்னு நினைச்சேன். டீச்சர் நெனச்சா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"நான் உன்னைப் பாத்துட்டுப் பேசாம இருந்தேனேடா."

யார்க்கோ அவளைப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வீட்டில் சாய்மி எல்லாக் கணக்கையும் போட்டுவிடுவாள், ஆனால் பள்ளியில் அவள் முடிப்பதற்குள் திரை சாம்பல் நிறமாகிவிடுமாம், அப்படித்தான் சொன்னாள் என்றான். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அன்று முழுக்க விர்பி முடிவுக்கோட்டில் உட்கார்ந்து நொடி எழுதினாள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. சாய்மி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். மூச்சு வாங்காமல் நிதானமாக வந்து, கட்டைகளைக் கழற்றித் துடைத்து, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் விர்பி ஈரக் காலுறையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சிக்னலின் உள்ளே அவளுக்குத் தெரியாத மூலை முடுக்கு இல்லை. விளக்குக்குப் பின்னால் ஒரு பதிவுப் பட்டியல் உண்டு: யார், எந்த நொடியில், எதைத் தட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நேரம் கடந்தால் திரை சாம்பலாகும், அதற்கப்புறம் வரும் விடையைச் செயலி கணக்கில் எடுக்காது. அந்த இடத்தில் 'பதில் இல்லை' என்று போட்டுவிடும். ஆனால் தட்டியதை அழித்துவிடாது, பட்டியலில் அப்படியே இருக்கும். ஒரு வருடத்துக்கு முன் மற்ற டீச்சர்களுக்கு இதை விளக்கிச் சொன்னவளே அவள்தான்.

ஒரு கணக்கைத் திறந்தாள். ஏரியின் குறுக்கே ஒருவன் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிப் போகிறான். அதே வழியில் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறான். சராசரி வேகம் என்ன? வழக்கமாகப் பச்சை விளக்கு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எட்டே நொடியில் பத்து என்று தட்டியிருந்தார்கள். தப்பு. திரும்பும்போது அதிக நேரம் ஆகிறதே, அதை யார் யோசிப்பது? இருபத்தாறு பேரில் மூன்று பேர்தான் ஒன்பது புள்ளி ஆறு என்று சரியாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று சாய்மியின் விடை. நாற்பத்தொன்றாவது நொடி. அதற்கு எதிரே 'பதில் இல்லை'.

அடுத்த கணக்கு, முப்பத்தெட்டு நொடி, சரி. அதற்கடுத்தது ஐம்பத்திரண்டு, சரி. அக்டோபரிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுப்பதினெட்டுக் கணக்கில் நூற்றொன்று சரி. வகுப்பில் இவளை மிஞ்ச ஒரே ஒருவன்தான் இருந்தான். திரை சாம்பலான பிறகும், தன் விடையை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும், அந்தப் பெண் நாலு மாதமாக ஒரு கணக்கையும் பாதியில் விடவில்லை.

விர்பி தலையில் அடித்துக்கொண்டாள். யந்திரத்தின் மேல் பழியைப் போட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது என்று நிரப்பிய விரல் அவளுடையது. பட்டியலைத் திறக்காமல் விளக்கை மட்டும் பார்த்த கண்ணும் அவளுடையது. தன் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையைத் தானே துரத்திவிடப் பார்த்தோமே என்று நினைக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிறிது நேரம் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் வியாழன். வியாழன் என்றால் சாப்பாட்டுக்கூடத்தில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். மிர்வாவின் எதிரே தட்டோடு போய் உட்கார்ந்து, பட்டியலை அச்செடுத்த தாளை நீட்டினாள். மிர்வா படித்தாள். சூப் ஆறிப்போகும்வரை படித்தாள்.

"இதை நீ ஏன் ஜனவரியிலயே சொல்லல, விர்பி?"

"அப்போ பாக்கல. ஆனா மனசுல உறுத்துச்சு. உறுத்துதுன்னு சொல்லியிருக்கணும். வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மிர்வாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் குரல் உயரவில்லை. நான் கேட்டேனே, ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்தேனே, இந்த ஊரில் எது சம்மதம், எது சம்மதமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும், ஏழு வருஷமாக இதே பாடு என்று பொரிந்து தள்ளினாள். அவள் சொல்வதெல்லாம் உண்மை. கடைசியில் மிர்வா விஷயத்துக்கு வந்தாள். மாற்ற உத்தரவில் தலைமையாசிரியர் வரும் வாரம் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போடுகிறார். போட்டுவிட்டால் சிறு குழு வகுப்பில் அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள், டாக்சி, எல்லாம் நகர ஆரம்பித்துவிடும். அதற்குள் நிறுத்தலாம். ஆனால் இந்தத் தடவை யாரும் யாருக்காகவும் முடிவு பண்ணக் கூடாது, அந்தப் பெண்ணே வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

மதியம் விர்பி சாய்மியை நிறுத்திவைத்தாள். பட்டியலைக் காட்டினாள். தான் செய்த தப்பைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "இங்கயே இருக்கியா, அங்க போறியா? நீதான் சொல்லணும்," என்றாள்.

சாய்மி பட்டியலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விர்பியின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. ஸ்டாப்வாட்சைத் தொட்டதும் அவளுக்கே சீ என்று ஆகிவிட்டது. அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

"யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"எவ்வளவு நேரம் வேணும்?"

"தெரியல, டீச்சர்."

சரி என்றாள் விர்பி. சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஒரு வாரம் அவளுக்கு நகரவே இல்லை. திங்கள் போனது. செவ்வாய் போனது. சாய்மி வருகிறாள், மூன்றாவது மேசையில் உட்காருகிறாள், போகிறாள். கேட்டுவிடலாமா என்று நூறு தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவசரப்படுத்தின மாதிரி ஆகிவிடும். கேட்காமல் விட்டால் ஜனவரியில் செய்ததையே மறுபடி செய்த மாதிரி ஆகிவிடும். புதன்கிழமை ஒரே ஒரு தடவை, வெள்ளி இரண்டு மணி என்று மட்டும் நினைவுபடுத்தினாள். சாய்மி தலையாட்டினாள். என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்று நாற்பதுக்கு மிர்வா கதவில் எட்டிப் பார்த்து, பதில் வந்ததா என்று புருவத்தால் கேட்டாள். இல்லை. பதினைந்து நிமிடம் போயிற்று. விர்பி எழுந்து, தலைமையாசிரியரிடம் போய்க் கையெழுத்தைத் திங்கள்வரை தள்ளிப்போடச் சொல்லலாம், காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று நடைவழிக்கு வந்தாள். எதிரே சாம்பல் நிறக் காலுறையில் சாய்மி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கையில் நாலாக மடித்த கட்டம்போட்ட தாள் இருந்தது.

தாளின் இடதுபக்கம் 'அங்கே', வலதுபக்கம் 'இங்கே'. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. இரண்டு பக்கமும் காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். காலை ஆறரை டாக்சிக்குக் கழித்தல் ஐந்து. அங்கே சத்தம் குறைவு என்பதற்குக் கூட்டல் மூன்று. அப்பாவோடு காலைச் சாப்பாடு என்பதற்குக் கூட்டல் ஆறு. கடைசியில் கூட்டி, இரண்டு கோடு போட்டு, 'இங்கேயே இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே இன்னும் நாலு வரி இருந்தது.

"ஒரு நிபந்தனை, டீச்சர். எனக்கு மட்டும் நேரத்தை நிறுத்த வேண்டாம். எனக்கு மட்டும் நிறுத்தினால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் நிறுத்துங்கள். பச்சைக்காரர்களும் விடையைச் சரிபார்க்காமலேதான் தட்டுகிறார்கள்."

விர்பிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வாயாலயும் ஒரு தடவை சொல்லிடு," என்றாள். மிர்வாவும் வந்து நின்றாள். இங்கேயே இருக்கிறேன் என்று சாய்மி சொன்னாள். மிர்வா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். இரண்டு மணிக்கு உத்தரவு இரண்டாகக் கிழிந்தது.

விர்பி திரும்பிப் போய் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். முப்பது என்ற எண்ணை அழித்து, கட்டத்தைக் காலியாக விட்டாள். எட்டாம் வகுப்புக்கு மட்டுமல்ல, தன்னுடைய எல்லா வகுப்புக்கும். பிறகு யார்க்கோவுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். நேரத்தை எல்லாருக்குமே எடுத்துவிட்டேன், யாரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள்.

மறுமுனையில் சத்தம் இல்லை. லாரி என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பழைய விர்பியாக இருந்தால் சரி, வைக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். இன்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"யார்க்கோ, நீ என்ன நெனைக்கிறேன்னு சொல்லு. பேசாம இருந்து நாம ரெண்டு பேரும் பட்டது போதும்."

"சந்தோஷம்தான், டீச்சர்," என்றான். "ஒன்பதாங் கிளாஸ்ல, வசந்தப் பரீட்சையில, கடைசிக் கணக்கு. டைம் ஆச்சுன்னு வாட்சைக் காட்டித் தாளை வாங்கிட்டீங்க. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், டீச்சர். பாதி போட்டிருந்தேன்."

விர்பி யோசித்துப் பார்த்தாள். அந்தப் பரீட்சையும் ஞாபகம் இல்லை, அந்தத் தாளும் ஞாபகம் இல்லை. அவன் இருபத்தேழு வருடமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

"மன்னிச்சிருடா," என்றாள்.

"பரவால்ல." மறுபடி என்ஜின் சத்தம். "இங்க லோடு இறக்கணும். வைக்கிறேன்."